கருவை மரத்தில் சீட்டுப் பெட்டி: கிராமத் தச்சர்களுக்கு ஓர் உபதொழில்

இருக்கன்குடி வட்டாரத்தில் கண்மாய்க் கரைகளிலும், தரிசாகக் கிடக்கும் புஞ்சைகளிலும், வைப்பாற்றுப் படுகையிலும் சீமைக் கருவை அடர்ந்து நிற்பது யாவரும் அறிந்ததே. அதனை வெட்டுவது, மூட்டம் போடுவது, கரியாக்கி லாரியில் ஏற்றுவது ஆகிய இவையே நாம் அம்மரத்துக்குக் கண்ட உபயோகம். அதே கிராமங்களில் ஏரும் மாட்டுவண்டியும் செய்து வந்த தச்சர் குடும்பங்கள் உண்டு. டிராக்டர் வந்த பின்பு ஏர் வேலை போயிற்று. இரும்புக் கதவும் பிளாஸ்டிக் கதவும் வந்த பின்பு நிலை, ஜன்னல் வேலையும் குறைந்தது. பலர் சென்ட்ரிங் பலகை அடிக்கவும், சிலர் பட்டாசு ஆலைக்கும் செல்கின்றனர். மரமும் ஊரில் இருக்கின்றது. வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்று சேர்க்கத்தக்க ஒரு சிறு பொருளைப் பற்றியே இங்கு எழுதப்படுகின்றது. அது சீட்டுக்கட்டு வைக்கும் மரப்பெட்டி.

சீட்டு என்றவுடன் சூதாட்டத்தை நினைத்து முகம் சுளிக்க வேண்டா. இங்குக் குறிப்பிடுவது 'டாரோ' எனப்படும் படச்சீட்டுகள். இவை 15 ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தோன்றின. 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் இவற்றைக் கொண்டு குறி சொல்லும் வழக்கம் பரவிற்று. ஒரு கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகள், 56 சிறுசீட்டுகள். 1909 ஆம் ஆண்டில் லண்டனில் ரைடர் என்னும் பதிப்பகத்தார் வெளியிட்ட கட்டு இன்று உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது. அதன் படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. நம் நாட்டு நகரங்களிலும் இச்சீட்டுகளை வாங்குவோர் இருக்கின்றனர். கட்டு வரும் அட்டைப் பெட்டி சில மாதங்களில் மூலை கிழிந்துவிடும். ஆதலின், தம் கட்டுக்கென அளவெடுத்துச் செய்த மரப்பெட்டி ஒன்றை விரும்புவோர் அவர்களுள் உண்டு.

நமக்கு இது புதுமையாகத் தோன்றினும், வழக்கம் புதிதன்று. கோயில் வாசலில் அமரும் கிளி ஜோசியர், நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 படச்சீட்டுகளை அடுக்கி வைத்திருப்பதை நாம் சிறு வயது முதலே கண்டிருக்கின்றோம். (பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் இச்சந்தர்ப்பத்தில் நினைவிற் கொள்வது நலம்.) குறி பலிக்குமா என்னும் விவாதத்துக்கு இக்கட்டுரையில் இடமில்லை. என் சொந்த அபிப்பிராயத்தில் அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் நகைப்பெட்டி செய்யும் தச்சர் நகையின் மாற்றை உரைத்துப் பார்ப்பதில்லை.

சீட்டுக்கு மரப்பெட்டி செய்யும் தொழிலுக்கு நம் தேசத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 'கஞ்சிபா' என்னும் வட்டச்சீட்டு விளையாட்டு முகலாயர் காலத்தில் செல்வாக்குப் பெற்றது. 1527 ஆம் ஆண்டில் பாபர் தம் நண்பருக்கு ஒரு சீட்டுக்கட்டை அனுப்பியதாக அவரது நினைவுக் குறிப்பில் காணப்படுகின்றது. முகலாயக் கட்டில் 96 சீட்டுகள். பின்னர் இந்து சமயத்தார் தசாவதாரப் படங்களுடன் செய்துகொண்ட கட்டில் 120. மகாராஷ்டிரத்தில் சாவந்த்வாடி, ஒடிசாவில் ரகுராஜ்பூர், வங்காளத்தில் விஷ்ணுபூர், கர்நாடகத்தில் மைசூர் ஆகிய இடங்களில் இக்கலை இருந்து வந்தது. சாவந்த்வாடியில் இது நசியும் நிலைக்கு வந்தபோது, அவ்வூர் அரச குடும்பத்தார் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முயன்று மீண்டும் உயிர் கொடுத்தனர். நாம் கவனிக்க வேண்டியது என்னவெனில், கஞ்சிபாச் சீட்டுகள் பெரும்பாலும் தமக்கென அளவாகச் செய்த மரப்பெட்டியுடனேயே விற்கப்பட்டன. பெட்டியின் மூடி காடியில் வழுக்கிச் செல்லும். சீட்டில் உள்ள சித்திரமே பெட்டியின் மேலும் தீட்டப்பட்டிருக்கும். அலங்கரித்த பெட்டி கட்டின் மதிப்பையும் உயர்த்திற்று.

வழுக்கு மூடி நம் தச்சர்களுக்கும் புதிதன்று. பாட்டிமார் சமையலறையில் வைத்திருந்த மர அஞ்சறைப் பெட்டியின் மூடி அவ்வாறானதே. தீப்பெட்டியையும் எண்ணிப் பாருங்கள். 1923 ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய அத்தொழிலால், உட்கூடு வெளிக்கூட்டுக்குள் இழைந்து செல்லும் அமைப்பு இவ்வட்டாரத்துக் குழந்தைக்கும் தெரியும். முன்பு மெல்லிய மரச்சீவலால் செய்யப்பட்ட அக்கூடு பின்னர் அட்டைக்கு மாறிவிட்டது. சீட்டுப் பெட்டி அதன் பெரிய அண்ணன் என்று கூறலாம்.

மரம்

இதற்குத் தேக்கு வேண்டும் என்பர். தேக்கு நல்ல மரந்தான். ஆனால் விலை கொடுத்து வெளியிலிருந்து வாங்க வேண்டும். பூவரசும் வேம்பும் உகந்தவை. எனினும் நிழல் தரும் மரத்தைப் பெட்டிக்காக வெட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெட்டினால் எவரும் வருந்தாத மரம் கருவை ஒன்றே. அதனை அகற்றுமாறு 2017 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அப்பொழுது பல கண்மாய்களில் பொக்லைன் இறங்கியதும் நினைவிருக்கலாம்.

கருவை கோணல் மரம், அது விறகுக்குத்தான் ஆகும் என்று தச்சர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். நிலைக்கும் கதவுக்கும் ஏழடி நேர்மரம் வேண்டும். கருவையில் அது கிடைக்காது. ஆனால் சீட்டுப் பெட்டியில் மிக நீளமான துண்டு 15 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு சாண் நேராக இருந்தாற் போதும். அடிமரத்தின் சுற்றளவு 60 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூடிக்கு வேண்டிய அகலமும் வைரத்திலேயே கிடைத்துவிடும். வைரம் செம்பழுப்பு நிறம். இழைத்து மெருகிட்டால் நல்ல தோற்றம் தரும். கருவையின் இனமாகிய மெஸ்கிட் மரத்தை அமெரிக்காவில் மேசை, நாற்காலி, தரைப்பலகை ஆகியவற்றுக்குப் பயன்படுத்துகின்றனர். ஈரம் ஏறி இறங்கும்போது அம்மரம் உப்புவதும் சுருங்குவதும் தேக்கைக் காட்டிலும் குறைவு. வழுக்கு மூடிக்கு இக்குணம் மிக முக்கியம். காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. மரம் கடினமானது, உளியையும் ரம்பத்தையும் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். வைரத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் நிற வெளிமரத்தை வண்டு துளைத்துவிடும். அதனைத் தயவு பாராமல் கழித்துவிட வேண்டும். முள் குத்தினால் புண் எளிதில் ஆறாது. ஆகையால் கழிக்கும்போது தடித்த செருப்பும் கையுறையும் அவசியம். இழைக்கும் தூள் மூச்சில் ஏறாதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

கரிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கால் காண்போம். முடிந்த பெட்டியின் எடை சுமார் கால் கிலோ. சேதாரம் யாவும் சேர்த்து ஒரு பெட்டிக்கு ஒரு கிலோ காய்ந்த மரம் செலவாகின்றது எனக் கொள்வோம். அந்த ஒரு கிலோவை மூட்டத்தில் இட்டால் கிடைக்கும் கரி 200 கிராம் அளவே. மூட்டம் சரியாக அமையாவிடில் அதுவும் இராது. 200 கிராம் கரிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை வாசகர்களே அறிவர். மேலும், பெட்டி செய்தபின் எஞ்சும் முக்கால் கிலோத் துண்டும் தூளும் அடுப்புக்கு இருக்கவே இருக்கின்றன.

காய வைத்தல்

இத்தொழிலில் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். பச்சை மரத்தில் செய்த பெட்டி, வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் மூலை திறந்துகொள்ளும். ஒரு முறை அவ்வாறு நேர்ந்தால் அந்த ஊர்ப் பெட்டியை அடுத்தவர் வாங்கமாட்டார்.

மரத்தை வெட்டியவுடன் இரு முனைகளிலும் பழைய பெயிண்ட் அல்லது உருக்கிய மெழுகு பூச வேண்டும். முனை வழியே ஈரம் விரைவாக வெளியேறுவதாலேயே வெடிப்பு உண்டாகின்றது. பின்னர் அறுவை மில்லில் 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகளாக அறுத்துக்கொண்டு, நிழலில், தரைபடாமல், பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். அக்குச்சிகள் ஒன்றன் மேல் ஒன்று நேராக அமையாவிடில் பலகை வளையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. நம் அரை அங்குலப் பலகைக்கு ஆறு மாதம். பங்குனி, சித்திரை வெயிற்காலம் இடையில் வந்தால் இன்னும் குறையலாம். வெயிலில் நேரே போட்டு அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதை அறியக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. அடுக்கிலிருந்து ஒரே பலகையை வாரம் ஒரு முறை எடுத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடையைச் சுவரில் எழுதி வர வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் மரம் இவ்வூர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அடைமழைக் காலத்தில் எடுத்த எடையை நம்பலாகாது. அப்பொழுது காற்றே ஈரமாக இருக்கும்.

அளவு

நம் தச்சர்கள் அங்குலமும் நூலும் கொண்டு அளப்பவர்கள். 8 நூல் ஓர் அங்குலம். அதாவது ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கதவுக்கு இது போதும். சீட்டுப் பெட்டிக்குப் போதாது. இங்கு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூடி இறுகிவிடும் அல்லது கடகடவென்று ஆடும். ஆதலின் மில்லிமீட்டர் குறித்த இரும்பு ஸ்கேல் ஒன்றும், நல்ல மூலைமட்டம் ஒன்றும் முதலில் வாங்க வேண்டியவை.

வாடிக்கையாளரிடம் கேட்டறிய வேண்டுவன: சீட்டின் நீளம், அகலம், கட்டின் மொத்த உயரம், சீட்டுகளை உறையிலோ துணியிலோ சுற்றி வைப்பாரா என்பது, கூட வரும் சிறு புத்தகத்தையும் உள்ளே வைக்க வேண்டுமா என்பது. டாரோச் சீட்டுகள் எல்லாம் ஒரே அளவில் அச்சிடப்படுவதில்லை. சில கட்டுகள் பெரியவை, சில உள்ளங்கையில் அடங்குபவை, சில வட்டமானவை. அளவெடுத்துச் செய்வதற்கு விலை கிடைப்பதே இதனால்தான். எல்லாக் கட்டும் ஒரே அளவாக இருந்தால் ஏதேனும் ஓர் ஆலை பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்து விற்றுவிடும்.

சாதாரணக் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீட்டு 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. நீளம். ஒரு சீட்டின் கனம் 0.38 மி.மீ. எனில் 78 சீட்டுகள் ஏறக்குறைய 30 மி.மீ. உயரம். உட்புறம் துணி ஒட்டுவதற்குப் பக்கத்துக்கு 1 மி.மீ. வீதம் இரண்டும், தாராளத்துக்கு மூன்றும் சேர்த்தால் பெட்டியின் உள் அகலம் 75, உள் நீளம் 125. உயரத்துக்கு இன்னும் சற்று விட வேண்டும். பழகப் பழகச் சீட்டு வளைந்து கட்டு உப்பும். ஆகவே உள் உயரம் 38.

சுவர்ப்பலகை இழைத்த பின் 8 மி.மீ. கனம். அப்படியாயின் பெட்டியின் வெளி அளவு 91க்கு 141. பலகையின் உயரத்தைக் கீழிருந்து மேலாகக் கணக்கிடுவோம்: அடியில் 3, அடிப்பலகை பதியும் காடி 4, உள் உயரம் 38, மூடி வழுக்கும் காடி 5, அதற்கு மேல் உதடு 4. ஆக 54 மி.மீ. காடியின் ஆழம் பலகைக் கனத்திற் பாதி, அதாவது 4. இக்கணக்கை ஒரு முறை தாளில் எழுதிப் பழகிவிட்டால், எந்தக் கட்டு வந்தாலும் மூன்று எண்களை மாற்றினாற் போதும்.

செய்முறை

கூடுமானால் நான்கு சுவர்களையும் ஒரே பட்டையிலிருந்து வரிசையாக அறுக்க வேண்டும். அப்பொழுது மரத்தின் ரேகை மூலைகளைச் சுற்றித் தொடர்ந்து ஓடும்; வாங்குவோர் முதலில் பார்ப்பது அதனையே. சுற்று அளவு 464 மி.மீ.; அறுப்புச் சேதம் உட்பட அரை மீட்டர்ப் பட்டை வேண்டும். அவ்வளவு நீளம் நேராகக் கிடைக்காவிடில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டையாவது ஒரே துண்டிலிருந்து எடுத்தல் நலம்.

பட்டையை அறுக்கும் முன்னரே இரு காடிகளையும் அதன் முழு நீளத்துக்கும் ஓட்டிவிட வேண்டும். அறுத்தபின் தனித்தனியே ஓட்டினால் நான்கும் ஒரே மட்டத்தில் அமைவது துர்லபம். பிறகு மூலைகளை 45 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். இதற்கென ஒரு கட்டையில் 45 பாகைக்கு வாய் பிளந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கோடு கிழித்துக்கொண்டிருக்க வேண்டாம். சட்டத்துக்கு மூலை வெட்டும் படக்கடைக்காரரிடம் இக்கட்டையைப் பார்க்கலாம்.

முன்சுவரில் ஒரு நுட்பம் உண்டு. அதன் மேல் விளிம்பிலிருந்து 9 மி.மீ. பட்டையைத் தனியே அறுத்து எடுத்துவிட வேண்டும். முன்சுவர் 45 மி.மீ. உயரமாகக் குறையும், மூடி அதன் மேலாகப் புகும். அறுத்த பட்டையை எறியாமல் மூடியின் முன் நுனியில் ஒட்டினால் அதுவே பிடியாகவும் அமையும். மூடியதும் முன்சுவரின் ரேகையும் தொடரும். பட்டையிலுள்ள பாதிக் காடியில் மூடியின் நுனியைப் பதித்து, நடுவில் மட்டும் பசையிட வேண்டும். முழுவதும் பசையிட்டால் மூடி அகலத்தில் உப்பும்போது பட்டை தடுக்கும், மூடி பிளக்கும்.

மூடியின் அகலம்: உள் அகலம் 75, இரு காடி ஆழம் 8, மொத்தம் 83, அதில் 1 மி.மீ. குறைத்து 82. நீளம் 133. அடிப்பலகையும் அவ்வாறே; அதனை 1 மி.மீ. குறைத்துக் காடியில் பசையின்றி மிதக்க விட வேண்டும். மூடியின் ரேகை பெட்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும், ஏனெனில் மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் உப்பும். நம் மாவட்டத்துச் சித்திரைக் காற்றுக்கும் கார்த்திகைக் காற்றுக்கும் மரத்தின் ஈரம் நூற்றுக்கு 5 பங்கு மாறலாம். அதனால் 82 மி.மீ. தேக்கு மூடி முக்கால் மில்லிமீட்டர் வரை உப்பும். கருவை மூடி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே உப்பும். 1 மி.மீ. இடைவெளி இருவகைக்கும் போதுமென்றாலும், கருவை மூடி எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இழைந்து செல்லும். தேக்கை விடுத்துக் கருவையை நான் வற்புறுத்துவதற்கு விலையைக் காட்டிலும் இதுவே முக்கிய காரணம். வெயிற்காலத்தில் செய்யும் மூடியை எப்பொழுதும் சற்றுத் தளர்வாகவே விட வேண்டும். மழைக்காலத்தில் செய்வதைச் சற்று இறுக்கமாக விடலாம்.

மூலைகளை வெள்ளைப் பசையிட்டு, சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றி இறுக்கினால் விலையுயர்ந்த பிடிப்பான்கள் தேவைப்படா. ஒரு மூலைவிட்டத்தையும் மற்றொன்றையும் அளந்து பார்த்து, இரண்டும் சமமானால் மட்டுமே காய விட வேண்டும். மறுநாள் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு இடத்தில் ரம்பத்தால் கீறி, பூவரசச் சிம்பை வைத்து ஒட்டிச் சீவிவிட்டால் மூலை எக்காலத்தும் பிரியாது. சிவந்த மரத்தில் மாறுநிறச் சிம்பு அழகாகவும் இருக்கும். ஆணி அடிக்கக் கூடாது, கருவை பிளந்துவிடும்.

உப்புத்தாள் மூன்று தரத்தில் தேய்த்த பின்பு வெளிப்புறம் அரக்குப் பாலிஷ் அல்லது ஆளிவிதை எண்ணெய் பூசலாம். உட்புறம் எதுவும் பூசலாகாது. எண்ணெய் சீட்டில் ஏறிக் கறையாகும், மணமும் தங்கிவிடும். உள்ளே பருத்தி வெல்வெட்டோ மெல்லிய பட்டோ ஒட்டினாற் போதும். சீட்டை எடுக்க விரல் புகும்படி முன்சுவரில் அரைவட்டமாகச் செதுக்குவாரும் உண்டு. அல்லது கட்டின் அடியில் ஒரு நாடாவை விட்டு, அதைத் தூக்கினால் கட்டு எழும்பும்படி செய்யலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், அது காற்றோடு சேர்ந்து தானே சூடேறி, நெருப்பு ஏதும் இன்றியே பற்றிக்கொள்ளும். கூடவே மரத்தூளும் குவிந்திருந்தால் கேட்க வேண்டியதில்லை. அத்துணிகளை உடனே தண்ணீர் வாளியில் போட வேண்டும், அல்லது வெளியே கொடியில் விரித்துக் காய வைக்க வேண்டும். பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ உரிய சரக்கு வைக்கும் கட்டடத்துக்கு அண்மையில் தச்சுப் பட்டறை அமைப்பதை ஊராட்சி அனுமதிக்கவே கூடாது. சாத்தூர், சிவகாசி வட்டாரத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை.

விலையும் விற்பனையும்

ஒரு பெட்டியைத் தனியாகச் செய்தால் ஒரு நாள் போய்விடும். காடியும் மூலையும் ஒரே முறை அமைத்துப் பத்துப் பெட்டிக்கான துண்டுகளை ஒரு சேர வெட்டினால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முடியும். விலை நிர்ணயிக்கையில் தச்சர்கள் மரத்தையும் பசையையும் எண்ணுகின்றனர்; தம் கூலியை எண்ண மறக்கின்றனர். உதாரணமாக, நாட்கூலி 900 ரூபாய் என வைத்து நாளுக்கு மூன்று பெட்டி எனக் கொண்டால், கூலி மட்டுமே பெட்டிக்கு 300 ரூபாய். அதன் மேல் மரம், அறுப்புக்கூலி, துணி, பாலிஷ், பார்சல் செலவு, கெட்டுப்போகும் பெட்டிக்கான ஈடு ஆகியவற்றைச் சேர்த்த பின்னரே லாபத்தைப் பற்றிப் பேசலாம். பெயர் பொறித்தல், கோலம் செதுக்குதல் ஆகியவற்றுக்குத் தனி விலை கூற வேண்டும். அது கைவேலை, அதற்குரியதைக் கேட்பதில் கூச்சம் வேண்டா.

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்த மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று திரளும் கூட்டத்தைக் கண்டு, அங்கேயே கடை விரிக்கலாமே என்று சிலர் நினைப்பர். டாரோப் பெட்டி அங்கு விலைபோகாது. ஆனால் அதே அளவு, அதே காடி, அதே மூடி கொண்ட பெட்டியைக் குறுக்கே ஒரு தடுப்பு வைத்துத் திருநீறு குங்குமப் பெட்டியாக விற்கலாம். சீட்டுப் பெட்டிக்கு உத்தரவு வராத மாதங்களில் பட்டறை சும்மா கிடக்காமல் இருக்க இதுவே வழி. சீட்டுப் பெட்டிக்கு உரிய சந்தை சென்னை, பெங்களூர், மும்பை போன்ற நகரங்கள். அங்கு விற்பனை பெரும்பாலும் தபால் வழியாகவும் செல்பேசி வழியாகவும் நடைபெறும். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கும் செல்பேசியும் கையாளத் தெரிந்த இரு பெண்கள் உத்தரவு வாங்குதல், துணி ஒட்டுதல், பார்சல் கட்டுதல் ஆகிய மூன்றையும் ஏற்றால், தச்சர் தம் வேலையில் மட்டும் கருத்தூன்றலாம். 1973 ஆம் ஆண்டு முதல் இயங்கும் அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகாருக்கும் மாதிரிப் பெட்டிகளைக் காட்டி வரலாம். சிவகாசி அச்சகங்களில் பலவகை அட்டை வேலை நடைபெறுகின்றது; சீட்டுகள் அச்சிடக் கொடுப்போர் அங்கு வரும்போது பெட்டிக்கும் சேர்த்து விலை கூறும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

கடன் வசதி பற்றிக் கேட்பவர் உண்டு. மாநில அரசு 2025 ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில், பரம்பரைக் கைவினைஞருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் நூற்றுக்கு 25 பங்கு, 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும் அறிவிக்கப்பட்டன. தற்போதைய விதிகளையும் வயது வரம்பையும் விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்த பின்னரே மனுச் செய்தல் நலம். இயந்திர ரம்பம் வாங்குவதற்கு முன்பு இருபது பெட்டியாவது கையால் செய்து விற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் யோசனை. கடன் எளிதாகக் கிடைக்கின்றது என்பதற்காக இயந்திரம் வாங்கி, பின்னர் அதனைச் சாக்கால் மூடி வைத்திருக்கும் பட்டறைகள் சில உண்டு.

ஊராட்சி செய்ய வேண்டியது

ஊராட்சிக்கு உரிய நிலத்தில் நிற்கும் கருவையை ஏலம் விடுகையில், முழுத் தோப்பையும் ஒரே தொகைக்குக் கரி வியாபாரியிடம் விட்டுவிடுவது வழக்கம். பருத்த அடிமரமும் அதனோடு சேர்ந்து மூட்டத்துக்குப் போய்விடுகின்றது. இனி ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கலாம்: 60 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட அடிமரங்கள் ஏலத்தினின்று நீக்கித் தனியாக நிறுத்து, உள்ளூர்த் தச்சர்களுக்கு விற்கப்படும் என்பதே அவ்வரி. விலையை விறகு விலைக்குச் சற்று மேலாக வைத்தால் ஊராட்சிக்கும் நஷ்டமில்லை. கண்மாய் நீர்வளத் துறைக்கு உரியதாயின் அத்துறையின் அனுமதியின்றிக் கிளையைக்கூடத் தொடலாகாது. இருக்கன்குடி நீர்த்தேக்கப் பகுதிக்கும் இது பொருந்தும். விவசாயிகள் தம் பட்டா நிலத்தில் கருவையை அகற்றும்போது, பொக்லைன் கொண்டு வேரோடு பிடுங்கிக் குவிக்கும் முன்பு, அடிமரத்தை மட்டும் இரண்டடித் துண்டுகளாக அறுத்து ஒதுக்கி வைத்தாற் போதும். முனையில் பெயிண்ட் பூசி நிழலில் போட்டுவைத்தால் தச்சர் வந்து எடுத்துக்கொள்வார்.

அறுத்த பலகைகளை அடுக்கிக் காய வைக்க இடம் இல்லை என்பதே தச்சர்கள் கூறும் முதற் குறை. அவர்களுடைய வீடுகள் சிறியவை. ஆறு மாதம் பலகையை அடுக்கி வைக்க முடியாது. உபயோகமின்றிக் கிடக்கும் பழைய ஊராட்சிக் கட்டடம் ஒன்றோ, கூரை நல்ல நிலையிலுள்ள கிடங்கு ஒன்றோ இருந்தால், மன்றத் தீர்மானம் நிறைவேற்றிச் சிறு வாடகைக்கு விடலாம். அங்கு ஒரு தராசும், எடை எழுத ஒரு கரும்பலகையும் இருக்கட்டும். ஆடி முடிந்து வெட்டும் மரம் அங்கு அடுக்கப்பட்டால், அடைமழைக் காலத்தைக் கடந்து பங்குனி வெயிலில் எடை நின்றுவிடும். சித்திரையில் பெட்டி வேலையைத் தொடங்கலாம்.